ஒன்றிலிருந்து எண்ணியவன்

ஆராய்ச்சி உதவித்தொகையோடு 'டி.ஏ.' வேலையும் பார்க்க வேண்டும் என்று ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டருக்கு?" என்பதுதான். விருதுநகர் மாவட்டத்துச் சார்நிலைக் கருவூலம் ஒன்றில் முப்பது வருஷம் பில் பாஸ் பண்ணியவர். அவருக்கு டி.ஏ. என்றால் பயணப்படி. டீச்சிங் அசிஸ்டெண்ட், அதாவது பிள்ளைகளுக்கு பிராக்டிகல் சொல்லிக்கொடுக்கும் எடுபிடி வாத்தியார் என்று விளக்கினேன்.

"எங்க போய்ச் சொல்லிக்கொடுப்பே?"

"எங்கயும் போகமாட்டேன்ப்பா. ரூம்லயே உட்கார்ந்து, போன்ல."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இடத்தை விட்டு நகராம டி.ஏ. கேட்டவங்க பில்லுக்கெல்லாம் நான் அப்ஜெக்ஷன் எழுதியிருக்கேன்" என்றார்.

இது 2021-இன் தொடக்கம். கொல்கத்தாவில் கல்லூரிகள் கொரோனாவால் முந்தின வருஷம் மார்ச்சில் பூட்டியவை, பூட்டியபடியே இருந்தன. எனக்கு ஒதுக்கப்பட்டவர்கள் முதலாண்டு பி.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகள் 31 பேர். ஆய்வுக்கூடத்தின் வாசற்படியைக்கூட மிதிக்காதவர்கள். புருலியாவிலும் முர்ஷிதாபாத்திலும் சுந்தரவனத்துத் தீவுகளிலும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். நான் டாக்குரியாவில், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும் ஒரு மாடி அறையில் இருந்தேன். எங்களுக்கு நடுவே ஒரு செமஸ்டர் செய்முறைப் பாடம்.

என் வங்காளத்துக்கு அப்போது ஒன்றரை வயசு. மீன் வாங்கவும் ஆட்டோ சில்லறைக்குச் சண்டை போடவும் போதும். ஊசல் நடத்தப் போதாது. என் பெயரில் உள்ள அகரங்களையெல்லாம் அவர்கள் ஒகரமாக்கி, வகரத்தைப் பகரமாக்கி அழைத்தபோது, யாரோ வேறொருவனைக் கூப்பிடுகிறார்கள் என்று இரண்டு தடவை பேசாமல் இருந்திருக்கிறேன். நான் பதிலுக்குச் செய்தது இதைவிட மோசம். நமக்கு நீ, நீங்கள் என்று இரண்டோடு முடிகிறது. அவர்களுக்கு துய், துமி, ஆப்னி என்று மூன்று. பதினெட்டு வயசுப் பிள்ளைகளை 'ஆப்னி' என்று ஏக மரியாதையோடு விளித்தேன். மைக்குகள் திறந்திருந்ததால் சிரிப்பு கேட்டது. உடனே திருத்திக்கொண்டு, அதே வேகத்தில், வகுப்பைப் பார்வையிட வந்த பேராசிரியரை 'துமி' என்று விட்டேன். இம்முறை சிரிப்பு கேட்கவில்லை.

முதல் வகுப்பை சர் சி.வி. ராமனில் ஆரம்பித்தேன். கொல்கத்தாவில் இயற்பியல் படிக்கும் தமிழனுக்கு இது ஒரு வியாதி. 1907-இல் கணக்குத்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்தவர், டிராமில் போகும்போது பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்கியது, அங்கே இருந்த அசுதோஷ் டே கதவைத் திறந்தது, பத்து வருஷம் ஆபீசுக்கு முன்னும் பின்னும் அங்கேயே கிடந்து ஆராய்ந்தது, ராமன் விளைவைக் கண்டுபிடித்த 1928 பிப்ரவரி 28 வரை வந்தது என்று ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். கூடவே இருந்து உழைத்த கே.எஸ். கிருஷ்ணன் எங்கள் ஊர்ப்பக்கத்து வத்திராயிருப்புக்காரர் என்பதை இரண்டு முறை சொன்னேன். (ராமனைப் பற்றி அப்பாவிடம் சொன்னால் "அவரும் நம்ம டிபார்ட்மெண்ட்தானே" என்பார். அந்த 210-ஐ ஒருநாள் தேடிப்போய்ப் பார்த்தேன். கழகம் எப்போதோ ஜாதவ்பூருக்குப் போய்விட்டது. ராமன் கணக்கிலிருந்து தப்பி ஓடிவந்த அதே முகவரியில் இன்று வணிகவியல் கல்லூரி நடக்கிறது.) பதினேழாவது நிமிஷம் திரையோரத்தில் ஒரு செய்தி வந்தது: "ஸார், ஷோனா ஜாச்சே நா."

கேட்கவில்லை என்று அர்த்தம். 'ஜாச்சே நா, ஜாச்சே நா' என்று வரிசையாக வந்தபோது, தமிழ்க் காதுக்கு 'போச்சே, போச்சே' என்று ஒப்பாரி வைப்பதுபோல இருந்தது. என் மைக் மூடியிருந்தது. திறந்துகொண்டு, மானஸ்தன் என்ன செய்வான்? 1907-இலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். டிராம் பௌபஜாரை அடைவதற்குள் இன்னொரு செய்தி: "ஸார், டேட்டா தீரப்போகிறது. சோதனை எப்போது?"

அனுப்பியவள் சுந்தரவனத்துக் கோசாபா பக்கத்துப் பெண். கேமராவைத் திறந்ததே இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. என்று அளந்து கொடுக்கும் ரீசார்ஜில் வீட்டில் எத்தனை பேரோ. அதில் ஒரு பங்கை நான் ராமனுக்கு இரண்டு தரம் படையல் வைத்திருந்தேன்.

சோதனை, தனி ஊசல். ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு கடிகாரம்; புவியீர்ப்பு முடுக்கமான g கையில் வந்துவிடும். நூலை லேக் மார்க்கெட்டில் மல்லிகைச் சரம் கட்டுபவரிடம் வாங்கினேன். பித்தளைக் குண்டு பூட்டிய ஆய்வுக்கூடத்துக்குள் இருந்ததால், தெருமுனை மீன்காரரிடம் 200 கிராம் எடைக்கல்லை இரவல் கேட்டேன். கதவு நிலையில் ஆணி, ஆணியில் நூல், நூலில் கல், எதிரே புத்தக அடுக்கின் மேல் ரப்பர் பேண்டால் கட்டிய போன். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. ஊசலை ஆட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தேன்.

பதினான்காவது அலைவில், வீட்டுக்கார மாஷிமாவின் பூனை உள்ளே வந்தது. மீன் கல்லை நான் கழுவியிருக்க வேண்டும். அது ஒரே அடி. கல் சுவரில் மோதி, ஊசல் ராட்டினமாயிற்று. 31 பேரும் அந்த செமஸ்டரில் ஒரே நேரத்தில் மைக்கைத் திறந்தது அப்போதுதான்.

பூனையை வெளியே விட்டு, கதவு மூட முடியாதபடி அதன் நிலையில்தான் ஊசல் தொங்குவதால் ஒரு காலை நீட்டி வழியை மறித்துக்கொண்டு, மறுபடி எண்ணினேன். 20 அலைவு. நேரத்தை 20-ஆல் வகுத்தேன். வாய்பாட்டில் போட்டேன். g, 10.8 சொச்சம் வந்தது.

இந்தத் தப்பு எல்லா ஆய்வுக்கூடங்களிலும் பழசு. குண்டை விடும்போது 'பூஜ்யம்' என்று தொடங்க வேண்டும். 'ஒன்று' என்று தொடங்கினால் இருபது என்று வாய் சொல்லும்போது ஊசல் பத்தொன்பதுதான் ஆடியிருக்கும். அந்த ஓர் அலைவு போதும், g பத்து சதவீதத்துக்கும் மேலே எகிறிவிடும். முதலாண்டுப் பையன் செய்தால் வைவாவில் கிழித்துத் தொங்கவிடுவார்கள். நான் ஒன்றிலிருந்து எண்ணியிருந்தேன். அந்த நிமிஷம் அது எனக்குத் தெரியவும் இல்லை. தெரிந்ததெல்லாம், ஏதாவது சொல்லியாக வேண்டும் என்பது. "கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறது. நெட்வொர்க் தாமதம்" என்றேன்.

திரையோரத்தில் கோசாபா: "ஸார், ஸ்டாப்வாட்ச் உங்கள் கையில்தானே இருக்கிறது?"

"நல்ல கேள்வி" என்றேன். பதில் தெரியாத வாத்தியார்களுக்கென்றே எல்லா மொழிகளிலும் அந்த வாக்கியம் இருக்கிறது. எல்லோரும் வீட்டில் கிடைப்பதை வைத்துச் செய்து பாருங்கள், 9.8-க்குப் பக்கத்தில் வரும் என்று முடித்தேன். அதோடு நின்றிருக்கலாம். 'மாதிரிக்கு' என்று பழைய ரீடிங்குகள் ஒரு பக்கத்தையும் குழுவில் போட்டேன்.

அந்தப் பக்கத்தின் பூர்வோத்தரத்தை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். அது என் பி.எஸ்சி. அப்சர்வேஷன் நோட்டின் படம். எங்கள் கல்லூரியில் ரீடிங் எடுப்பது என்றும் ரீடிங் சமைப்பது என்றும் இரண்டு கலைகள் உண்டு. இரண்டாவதில்தான் நாங்கள் தேர்ந்திருந்தோம். விடையை முதலில் எழுதுவது, அங்கிருந்து பின்னால் நடந்து நேரங்களைக் கண்டுபிடிப்பது, பார்ப்பதற்கு இயற்கையாக இருக்கட்டும் என்று கடைசி இலக்கத்தில் மட்டும் லேசாக உப்புப் போடுவது. என் ஊசல் ரீடிங் ஒரு சீனியரின் ரெக்கார்டிலிருந்து வந்தது. அவருக்கு அவருடைய சீனியர். அந்த நூலில் உண்மையிலேயே குண்டு கட்டி ஆட்டியவர் யார் என்பது எங்கள் துறையின் ஆதிமூல ரகசியம். அப்பேர்ப்பட்ட வம்சாவளி ரீடிங்கைத்தான் வங்காளத்துக்கு ஏற்றுமதி செய்தேன்.

இடையில் வேறு சில முயற்சிகளும் நடந்தன. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவசச் செயலி, போனுக்குள் இருக்கும் உணரிகளை ஆய்வுக் கருவியாக்கிவிடும். அருமையான சரக்கு. ஜைரோஸ்கோப்பை வைத்து ஒரு சோதனையைத் தடபுடலாக அறிவித்தேன். பிள்ளைகள் வைத்திருந்த விலை குறைந்த போன்களில் பாதிக்கு ஜைரோஸ்கோப்பே கிடையாது. அறிவித்த பிறகுதான் விசாரித்தேன். பிறகு மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'வர்ச்சுவல் லேப்ஸ்' தளத்தில் நியூட்டன் வளையங்களைச் செய்யச் சொன்னேன். அதில் சோடியம் விளக்கு சூடாகக் காத்திருக்க வேண்டாம், லென்ஸில் தூசி இல்லை, மைக்ராஸ்கோப்பின் திருகைப் பின்னால் திருப்பினால் வரும் பிழையும் இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி, குற்றம் சொல்ல முடியாத விடைகள். திருத்தும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தையும் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஊசல் ரெக்கார்டுகள் படங்களாக வந்து குவிந்தன. வெளியே தேர்தலும் கொரோனாவின் இரண்டாவது அலையும் ஒன்றாக நடந்துகொண்டிருந்தன. 31-இல் 27 பேருக்கு g சரியாக 9.81. இருவர் அனுப்பிய படங்களில், நோட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது ஒரே கட்டைவிரல். நகத்தில் இருந்த பச்சை மைகூட அதேதான். என் மாதிரிப் பக்கத்தில் ஓரிடத்தில் 7-ஐ 1 போலக் கிறுக்கியிருந்தேன். அதை அப்படியே 1 என்று எழுதி, அதற்குப் பிறகும் 9.81 கொண்டுவந்திருந்தார்கள் எட்டுப் பேர். சமையலில் எங்களை மிஞ்சியவர்கள். ஆனால் அட்டவணை சுத்தம், கிராஃப் சுத்தம், விடை 'சரி'. பத்துக்கு எட்டு, ஒன்பது என்று போட்டுத் தள்ளினேன்.

கோசாபாப் பெண்ணின் விடை 9.23.

அவள் குண்டுக்குப் பதிலாக ஒரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தாள். படத்தில் ஜன்னல் கம்பி, நூல், கனமான இரும்புப் பூட்டு, பின்னால் ஒரு குளம். 40, 60, 80, 100 சென்டிமீட்டர் என்று நான்கு நீளம். ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை 20 அலைவு. நான்கு நீளத்துக்கும் நான்கு விதமான g: 8.96-இல் தொடங்கி 9.41 வரை ஏறியது. அலைவு நேரத்தின் வர்க்கத்துக்கும் நீளத்துக்கும் வரைந்த கிராஃபில் புள்ளிகள் ஒழுங்காக ஒரே கோட்டில் நின்றன. ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் சற்று மேலே வெட்டியது. ஊசல் கிராஃப் ஆதி வழியாகத்தான் போக வேண்டும். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நான் சிவப்பில் 'கோடு தவறு' என்று எழுதி, ஆதியிலிருந்து வேறொரு கோட்டை நானே இழுத்துக் காட்டி, 4 போட்டேன். ஸ்டாப்வாட்ச் யார் கையில் இருக்கிறது என்று கேட்டவள் இவள்தான் என்பது அப்போது என் நினைவில் இருந்ததா? இல்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

மே மாதம் பேராசிரியர் கோப்புக்காக மூன்று ரெக்கார்டு கேட்டார்: மேலானது ஒன்று, நடுத்தரம் ஒன்று, மட்டமானது ஒன்று. அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார். மேலானதைப் பற்றிப் பேசவே இல்லை.

"இந்தக் கோட்டைப் பின்பக்கம் நீட்டிப் பார்த்தாயா?"

இல்லை.

"கடைசி வரியைப் படித்தாயா?"

அதுவும் இல்லை. அவள் வங்காளத்தில் எழுதியிருந்தாள். என் ஒன்றரை வயசு வங்காளம் கையெழுத்து படிக்கும் அளவுக்கு வளரவில்லை. பேராசிரியரே படித்துக் காட்டினார்: கோடு ஏன் பூஜ்யத்தைத் தொடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை, பூட்டின் நீளம் 7 சென்டிமீட்டர்.

போனை வைத்துவிட்டு அவள் கோட்டைப் பின்னால் நீட்டினேன். நீள அச்சை அது வெட்டிய இடம், பூஜ்யத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர் பின்னால். அதாவது பூட்டில் பாதி. ஊசலின் நீளத்தைக் குண்டின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். அவள் நூலை மட்டும், பூட்டின் வளையம் வரை அளந்திருந்தாள். அதனால் தனித்தனியாகப் போட்ட கணக்கெல்லாம் குறைந்தது. ஆனால் விட்டுப்போன நீளம் எல்லா அளவிலும் ஒன்றே என்பதால் கோட்டின் சாய்வு கெடவில்லை. சாய்விலிருந்து g கணக்கிட்டேன். 9.74. இரும்புப் பூட்டு, போன் ஸ்டாப்வாட்ச், ஜன்னல் கம்பி இவற்றை வைத்து 9.74! தான் விட்ட பிழை எவ்வளவு என்பதையும் கிராஃப் தாளிலேயே வரைந்து வைத்து, அதைக் கண்டுபிடிக்கத் தேவையான பூட்டின் அளவையும் எழுதி, தெரியவில்லை என்பதைத் தெரியவில்லை என்றே எழுதியிருந்தாள். நான் அதன்மேல்தான் சிவப்புக் கோடு இழுத்திருந்தேன்.

பேராசிரியர் போனை வைக்கும் முன் இன்னொன்றும் கேட்டிருந்தார். "கொல்கத்தாவுக்கு 9.81 எங்கிருந்து வந்தது?"

பூமி துருவங்களில் சற்றே தட்டை, சுற்றவும் செய்கிறது. அதனால் g ஊருக்கு ஊர் மாறும். நிலநடுக்கோட்டை ஒட்டிக் குறைவு, துருவத்தை நோக்கிப் போகப்போகக் கூடுதல். கொல்கத்தாவில் 9.788. சென்னையில் 9.783. இரண்டு தசமத்துக்குச் சுருக்கினால் 9.79, 9.78. 9.81 என்பது லண்டன், பாரிஸ் அட்சரேகையின் எண். அங்கே எழுதிய பாடப்புத்தகங்களோடு கப்பலேறி வந்து நம் ரெக்கார்டுகளில் குடியேறிவிட்டது. ஊரடங்கில் தெருமுனைக்குக்கூடப் போகாத என் பிள்ளைகள் 27 பேர் லண்டன் வரை போய் அளந்துவிட்டு வந்திருக்கிறார்கள். அப்பா சொன்ன அப்ஜெக்ஷனை அவர்களுக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். நான் பில்லைப் பாஸ் பண்ணினேன்.

அன்றிரவு மில்லிகனை நினைத்து ஆறுதல் தேடிக்கொண்டேன். எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை எண்ணெய்த் துளிகளால் அளந்து நோபல் வாங்கியவர். 1913 கட்டுரையில் 58 துளிகளின் கணக்கைக் கொடுத்து, அறுபது நாளில் பார்த்த துளிகள் எல்லாம் இவைதான் என்றார். குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் புரட்டியவர்கள் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு துளிகளைக் கண்டார்கள். ஆனால் விட்ட துளிகளும் அவருடைய நோட்டில் இருந்தன. வத்திராயிருப்புக் கிருஷ்ணனும் 1928 பிப்ரவரியில் அன்றன்று பார்த்ததை நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அதுதான் இன்று அந்தக் கண்டுபிடிப்பின் கதைக்குச் சாட்சி. என் நோட்டில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஆறுதல் கிடைக்கவில்லை.

மதிப்பெண்ணைத் திருத்தலாம் என்று கிளம்பினேன். திருத்த அனுமதிக்கும் கடைசித் தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதை நினைவூட்டி வந்த மின்னஞ்சலை நானே படித்து நட்சத்திரமும் போட்டு வைத்திருந்தேன். யாரையும் குறை சொல்ல வழியில்லை.

அவளுக்கு நீளமாக ஒரு மன்னிப்பு எழுதினேன். பூட்டின் பாதி, சாய்வு, 9.74, என் சிவப்புக் கோடு, ஒன்றிலிருந்து எண்ணியது எல்லாம் எழுதி மே 26 காலையில் அனுப்பினேன். அன்றுதான் யாஸ் புயல் கரை கடந்தது. சுந்தரவனத்தில் கரைகள் உடைந்து வயலெல்லாம் உப்புத் தண்ணீர். என் செய்திக்குக் கீழே ஒற்றை டிக். ஒரு வாரம் ஒற்றை டிக். போனைத் திறப்பதும் பார்ப்பதுமாக இருந்தேன். ஊசலை அப்படிப் பார்த்திருந்தால் எண்ணிக்கை தப்பியிருக்காது. பன்னிரண்டாம் நாள் இரண்டாவது டிக் விழுந்தது. சாயந்திரம் பதிலும் வந்தது: "டிக் ஆச்சே, ஸார்." வங்காளத்தில் அதற்குப் பரவாயில்லை, சரி என்று அர்த்தம். கீழே இன்னொரு வரி: "அப்படியென்றால் கோடு சரிதானே?"

நவம்பர் 16-ஆம் தேதி கல்லூரிகள் திறந்தன. பிள்ளைகள் முதன்முதலாக ஆய்வுக்கூடத்துக்குள் வந்தார்கள். கேமராவைத் திறக்காதவளின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். அலமாரியில் நிஜமான பித்தளைக் குண்டு இருந்தது. விட்டத்தை வெர்னியரால் அளந்து, பாதியை நூலோடு கூட்டி எழுதிக்கொண்டு, குண்டை விட்டாள். "ஷூன்னோ" என்று சத்தமாகவே தொடங்கினாள். பூஜ்யம். பக்கத்தில் நின்ற பையன் ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தப் பத்தொன்பது அலைவின் கதை 31 பேருக்கும் தெரிந்திருந்தது.

தீபாவளிக்குப் போக முடியாமல் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "தப்பான பில் பாஸ் ஆயிடுச்சுன்னா ரெக்கவரி யார்கிட்ட போடுவாங்க தெரியுமா? பாஸ் பண்ணினவன்கிட்ட."

என் உதவித்தொகையில் யாரும் எதுவும் பிடிக்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் அவளுடைய 4, 4-ஆகத்தான் இருக்கிறது.